மாநாட்டு மண்டபத்தின் கடைசிக் கதிரை

ஒரு மாநாடு நடந்து முடிந்தால் மறுநாள் பத்திரிகையில் அதன் செய்தி வரும். தலைமை தாங்கியவர் யார், சிறப்புரை நிகழ்த்தியவர் யார், நன்றியுரை சொன்னவர் யார் என்றெல்லாம் அதில் இருக்கும். மேடையில் வீற்றிருந்த பிரமுகர்களின் புகைப்படமும் இருக்கும். ஆனால் அந்த மேடைக்கு எத்தனை கதிரை வேண்டும் என்று எண்ணிப் பார்த்தவர் யார்? பேச்சாளரின் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று அதிகாலையிலேயே போய் நின்று பார்த்தவர் யார்? 800 பேருக்கு 20 நிமிடத்தில் தேநீர் கொடுத்து, மீண்டும் அவர்களை உள்ளே கூட்டி வந்தவர் யார்? அவருடைய பெயர் செய்தியில் வராது. வராமலிருப்பதையே அவரும் விரும்புவார். அவருடைய பெயர் அடிபடுகிறதென்றால் எங்கோ ஏதோ பிழைத்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

இவரை இன்று நிகழ்வு முகாமையாளர் என்று அழைக்கிறார்கள். ஹோட்டல்களில் பேங்குவட் மெனேஜர் என்பார்கள். எமது வீடுகளில் இத்தொழில் பற்றி ஒரு மங்கலான எண்ணமே உண்டு. மேடை சோடிப்பவர், பூ வைப்பவர், வீடியோக்காரருக்கு வழிகாட்டுபவர் என்ற அளவில் நின்று விடுகிறோம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மகள், "ஈவென்ட் மெனேஜ்மென்ட் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், "கலியாண வீட்டில் பூக் கட்டுவதற்கும் ஒரு படிப்பா?" என்று வாப்பா கேட்கிறார். இதே கேள்வியைப் பெற்றோர் சிலர் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே சற்று விசாரித்துப் பார்த்தேன். எனது பழைய மாணவர் ஒருவர் பல வருடங்களாகக் கொழும்பில் இத்தொழிலில் இருக்கிறார். அவரிடமும், அவரோடு பணியாற்றும் ஒரு சகோதரியிடமும் கேட்டறிந்தவற்றோடு, பொதுவாக அறியக்கூடிய விடயங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

ஒரு மண்டபமும் பல மாநாடுகளும்

எமது நாட்டில் மாநாடு என்றதும் நினைவுக்கு வருவது கொழும்பு பௌத்தாலோக மாவத்தையில் அமைந்துள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபமாகும். சீன மக்கள் குடியரசு அன்பளிப்பாகக் கட்டிக் கொடுத்த இந்த எண்கோண மண்டபம் 1973ஆம் ஆண்டு மே மாதம் திறந்து வைக்கப்பட்டது. பிரதான மண்டபத்தில் சுமார் 1500 பேர் அமரலாம். அதே வளாகத்திலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க ஞாபகார்த்தக் கண்காட்சி நிலையம் 1998இல் சேர்ந்தது. அதுவும் சீனாவின் அன்பளிப்புத்தான். செப்டம்பர் மாதத்தில் நடைபெறும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன சகோதரிகளுக்கு இந்த வளாகம் புதிதல்ல.

மண்டபம் திறந்து மூன்று வருடங்களில், 1976 ஆகஸ்டில், அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு அங்கே கூடியது. 80க்கும் மேற்பட்ட நாடுகள் பங்குபற்றின. அன்றைய பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமை தாங்கினார். யூகோஸ்லாவியாவின் டிட்டோ, இந்தியாவின் இந்திரா காந்தி, லிபியாவின் கடாபி போன்ற தலைவர்கள் வந்திருந்தார்கள். கைத்தொலைபேசியும் கணினியும் இல்லாத காலம். ஒவ்வோர் உரையையும் தட்டச்சு செய்து, பிரதி எடுத்து, உரிய நாட்டின் மேசைக்கு உரிய நேரத்தில் கொண்டு போய் வைக்க வேண்டும். எந்த நாட்டுக்குப் பக்கத்தில் எந்த நாடு என்பது மிகவும் நுட்பமான விவகாரம். இதற்குச் சர்வதேசக் கூட்டங்களில் ஓர் இலகுவான வழி வைத்திருக்கிறார்கள். நாடுகளின் பெயரை அகர வரிசைப்படி எழுதி, அந்த வரிசையிலேயே அமர்த்தி விடுவார்கள். எழுத்தோடு யாரும் சண்டை பிடிக்க முடியாதல்லவா! கலியாண வீட்டில் முதல் பந்திக்கு யாரை அழைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பெரியவர்கள் இந்த முறையைக் கவனித்துப் பார்க்கலாம்.

எல்லாம் ஆயத்தமான பின்னர் நின்று போவதும் உண்டு. 1991இல் சார்க் உச்சி மாநாட்டைக் கொழும்பு நவம்பர் மாதத்தில் நடத்துவதாக இருந்தது. பூட்டான் மன்னர் வர முடியாத நிலை ஏற்பட்டதைத் தொடர்ந்து மாநாடு ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் டிசம்பர் 21ஆம் திகதி ஒரே நாளில் அதனை நடத்தி முடித்தார்கள். தலைவர்கள் வராததைப் பற்றி நாம் பத்திரிகையில் வாசித்தோம். ஆனால், அறைகளும் வாகனங்களும் உணவும் பாதுகாப்பும் என்று ஒழுங்கு செய்த அனைத்தையும் கலைத்து, ஆறு வாரத்தில் மீண்டும் பூட்டி எடுத்தவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை.

தாளில் இருக்கும் மாநாடு

மாநாடு முதலில் ஒரு தாளில் நடக்கிறது என்று என் மாணவர் சொன்னார். ஹோட்டல்காரர்கள் அதனைப் பங்ஷன் ஷீட் என்கிறார்கள். நிகழ்ச்சியின் பெயர், திகதி, எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கதவு திறக்க வேண்டும், மேடை எத்தனை அடி, ஒலிவாங்கி எத்தனை, அதில் கம்பியில்லாதவை எத்தனை, தேநீருக்கு என்ன சிற்றுண்டி, மேசை விரிப்பு என்ன நிறம், யார் பணம் கட்டுவது, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று எல்லாமே அதில் இருக்கும். குசினிக்கு ஒரு பிரதி, மின்சாரப் பகுதிக்கு ஒரு பிரதி, பாதுகாப்பு உத்தியோகத்தருக்கு ஒரு பிரதி, துப்புரவுப் பகுதிக்கு ஒரு பிரதி. தாளில் இல்லாத ஒன்றை யாரும் செய்ய மாட்டார்கள். தாளில் பிழையாக இருந்தால் நால்வரும் சேர்ந்து அதே பிழையைச் செய்வார்கள்.

வாடிக்கையாளர், "காலை 9 மணிக்கு மாநாடு, 9 மணிக்கு மண்டபம் தாருங்கள்" என்று எழுதிக் கொடுப்பார். மேடை அமைக்கவும் பதாகை தூக்கவும் ஒலியைச் சரிபார்க்கவும் முதல் நாள் மாலையே மண்டபம் வேண்டும் என்பது அவருக்குத் தோன்றாது. முதல் நாள் இரவு அதே மண்டபத்தில் வேறொருவரின் வலீமா இருந்தால்? இரவு 11 மணிக்குப் பந்தி கலைந்ததும் வட்ட மேசைகளை அகற்றி, நிலத்தைக் கூட்டித் துடைத்து, கறி வாசம் போகக் கதவுகளைத் திறந்து வைத்து, விடிவதற்குள் வரிசையாகக் கதிரைகள் போட்டாக வேண்டும். பெருநாளைக்கு முதல் நாள் இரவு எமது உம்மாமார் மனதுக்குள்ளேயே போட்டு வைத்திருக்கும் பட்டியல் இதை ஒத்ததுதான். அதனை எழுதி வைத்து, பிறரையும் வாசிக்கச் செய்து, அதன்படி நடக்கச் செய்வதற்குத்தான் இங்கே சம்பளம் கொடுக்கிறார்கள்.

கதிரைக் கணக்கு

ஒரு மண்டபத்தில் எத்தனை பேர் அமரலாம் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. சினிமாக் கொட்டகை போல் கதிரைகளை மட்டும் வரிசையாகப் போட்டால் 300 பேர் அமரும் இடத்தில், எழுதுவதற்கு மேசையும் வைத்தால் ஏறக்குறைய பாதிப்பேர்தான் அமரலாம். விருந்துக்கு வட்ட மேசை போட்டால் வேறு கணக்கு. 5 அடி விட்டமுள்ள மேசையைச் சுற்றி 8 பேரும், 6 அடி மேசையைச் சுற்றி 10 பேரும் வசதியாக அமரலாம். பரிமாறுபவர் தட்டோடு போய் வர மேசைகளுக்கிடையில் வழியும் விட வேண்டும். ஸஹன் ஒன்றுக்கு 6 பேர் என்ற கணக்கு எமது ஊர்களில் எழுத்து வாசனை இல்லாத கோக்கிக்கும் தெரியும். அதனால்தான் என் மாணவர் இதனைச் சொன்னபோது எனக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை.

உணவுக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. எத்தனை பேருக்குச் சாப்பாடு என்ற இறுதி எண்ணிக்கையை இரண்டு மூன்று நாட்களுக்கு முன்னரே வாங்கி விடுவார்கள். அந்த எண்ணிக்கைக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். குசினி அதற்குச் சற்றுக் கூடுதலாக, நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் சமைக்கும். வருவதாகச் சொன்னவர் வராமல் விடுவதும், சொல்லாதவர் குடும்பத்தோடு வந்து நிற்பதும் எமது சமூகத்தின் நீங்காத வழக்கம். "வர முடியாது" என்ற வார்த்தையை அழைப்பவரின் முகத்துக்கு முன்னால் சொல்லக் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தின் விலை இரவு 12 மணிக்குக் குப்பைத் தொட்டியில் கிடக்கும் புரியாணியாகும்.

சாப்பாடு போதுமானதாக இருந்தாலும் வரிசை போதாமல் போகலாம். ஒரு நிமிடத்தில் ஐந்து பேர் உணவெடுத்துக்கொண்டு நகர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 300 பேர் ஒரே மேசைக்கு வந்தால் கடைசி ஆளுக்குத் தட்டுக் கிடைக்க ஒரு மணித்தியாலம் ஆகும். அதற்குள் பகல் இடைவேளையே முடிந்துவிடும். அதே உணவை மூன்று இடங்களில் வைத்தால் 20 நிமிடம். சமையலில் எந்த மாற்றமும் இல்லை, மேசையை வைத்த இடத்தில்தான் மாற்றம்.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவர்கள்

சர்வதேச மாநாடுகளில் மண்டபத்தின் பின்புறம் கண்ணாடி போட்ட சிறு கூண்டுகள் இருப்பதைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே அதனை வேறு மொழியில் சொல்லிக்கொண்டு போகும் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்தச் சமநேர மொழிபெயர்ப்பு, இரண்டாம் உலக யுத்தத்தின் பின் 1945இல் ஜெர்மனியின் நியூரம்பேர்க் நகரில் தொடங்கிய வழக்கு விசாரணைகளிலேயே பெரிய அளவில் கையாளப்பட்டது. இது மூளையைப் பிழிந்தெடுக்கும் வேலை. அதனால் ஒரு கூண்டில் இருவர் அமர்ந்து, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது மாறிக்கொள்வார்கள். அரபு நாட்டு அறிஞர்கள் எமது கல்லூரிக்கு வரும்போது அவர்களின் உரையை மொழிபெயர்க்கும் பொறுப்பு சில வேளை என் தலையில் விழுவதுண்டு. அவர் இரண்டு வசனம் பேசி நிறுத்துவார், நான் சொல்வேன். நிறுத்தி நிறுத்திப் பேசுபவரோடு ஓடுவதே பெரும்பாடாக இருக்கையில், நிறுத்தாமல் பேசுபவரின் பின்னால் ஓடுபவர்களை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

இதில் நிகழ்வு முகாமையாளருக்கு என்ன வேலை? பேச்சாளர்களிடம் உரையின் பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கிக் கூண்டுக்குக் கொடுப்பது, கூண்டிலிருந்து மேடை தெரிகிறதா என்று பார்ப்பது, காதில் மாட்டும் கருவிகளை எண்ணிக் கொடுத்து எண்ணித் திருப்பி எடுப்பது. எமது நாட்டில் இன்னுமொரு வேலையும் உண்டு. பதாகையிலும் பெயர்ப் பலகையிலும் தமிழைத் தமிழ் தெரிந்த ஒருவருக்குக் காட்டிவிட்டு அச்சிடுவது. இந்தச் சின்ன வேலையைச் செய்யாததால், எத்தனையோ பெரிய வைபவங்களின் நுழைவாயிலில் தமிழ் எழுத்துக்கள் கை வேறு கால் வேறாகத் தொங்குவதைக் காண்கிறோம்.

"இன்னும் நூறு கதிரை போடுங்கள்"

இத்தொழிலில் மிகக் கடினமான கட்டம் எது என்று கேட்டேன். சாப்பாடு பிந்துவது, மின்சாரம் நின்று போவது, பிரமுகர் நேரத்துக்கு வராதது என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது மின்பிறப்பாக்கிக்கு டீசல் தேடி அலைந்தவர் அவர். ஆனால் அவர் சொன்னது வேறு. வாடிக்கையாளர் வந்து, "எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம், இன்னும் நூறு கதிரை போடுங்கள்" என்று கேட்கும்போது, "முடியாது" என்று சொல்வதுதான் மிகக் கடினமாம். பணம் கட்டியவர் அவர். சில வேளை பெரிய மனிதர். மண்டபத்தில் நூறு கதிரை போட இடமும் தெரிகிறது. ஆனால் அந்த இடம் நடைவழி, அல்லது அவசர வாயிலுக்கு முன்னாலுள்ள வெளி. வெற்றிடமாகத் தெரியும் அந்த வெளிதான் நெருப்புப் பிடித்தால் உயிர் தப்பும் வழி.

1997 ஜூன் மாதம் டெல்லியில் உப்ஹார் என்ற திரையரங்கில் தீப்பிடித்தது. 59 பேர் இறந்தார்கள். கூடுதல் வருமானத்துக்காகப் பால்கனியில் மேலதிக ஆசனங்களைப் போட்டு வெளியேறும் வழியைக் குறுக்கியிருந்தது பின்னர் வழக்கில் வெளிவந்தது. அங்கே புகையில் மூச்சடைத்துப் போனவர்களுள் தாய்மாரும் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்கும் முன்னர், 1942இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒரு களியாட்ட விடுதியில் ஏற்பட்ட தீயில் 492 பேர் மாண்டார்கள். சில கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. சில உட்புறமாகத் திறப்பவை. பின்னால் வந்தவர்கள் நெருக்கியதில் முன்னால் நின்றவர்களால் கதவை இழுக்க முடியவில்லை. பொது மண்டபங்களின் கதவுகள் வெளிப்புறமாகவே திறக்க வேண்டும் என்ற விதியின் அருமையை உலகம் இத்தகைய மரணங்களிலிருந்து கற்றுக்கொண்டது. அடுத்த முறை ஒரு கலியாண மண்டபத்துக்குப் போனால், மேடை அலங்காரத்தைப் பார்த்து முடிந்ததும் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் ஒரு தடவை பாருங்கள். அலங்காரத் துணி அந்தக் கதவை மூடியிருக்கவும் கூடும்.

தூரத்து உதாரணங்கள் எதற்கு? 2020ஆம் ஆண்டு மே மாதம், ரமழானின் இறுதிப் பகுதியில், கொழும்பு மாளிகாவத்தையில் ஏழைகளுக்குப் பணம் பங்கிட்ட இடத்தில் ஏற்பட்ட நெரிசலில் 3 பெண்கள் உயிரிழந்தார்கள். மேலும் சிலர் காயமடைந்தார்கள். கொரோனாவினால் நாடு முடங்கி, கூலிக்குப் போகும் வீடுகளில் அடுப்பெரியாதிருந்த நாட்கள் அவை. அங்கே என்ன பிழைத்தது, யார் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நெரிசல் எப்படிக் கொல்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். மிதிபட்டு இறப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. ஒரு சதுர மீற்றருக்குள் ஐந்து பேருக்கு மேல் நெருங்கும்போது ஆபத்துத் தொடங்குகிறது. அதற்கு மேலும் நெருங்கினால் மனிதர் தம் காலால் நடப்பதில்லை, கூட்டமே அவர்களைத் தண்ணீர் போல் அசைக்கிறது. நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சு முட்டி விடுகிறது. பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர் கெட்டவரல்லர். ஓர் அடிதான் முன்னால் வைத்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஒவ்வொருவரும் ஓர் அடிதான் வைத்தார்கள்.

இதனைத் தடுக்கும் வழிகள் ஒரு நிகழ்வு முகாமையாளருக்கு அன்றாடப் பாடம். நேரம் குறித்த துண்டு முன்கூட்டியே கொடுத்து, ஒரே நேரத்தில் எல்லோரும் வராமல் பார்ப்பது. உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஒன்றையொன்று சந்திக்காமல் வைப்பது. கயிறு கட்டி வரிசையை வளைத்து வளைத்து விடுவது. வாசலில் ஒருவர் நின்று எண்ணுவது. மேலே ஓர் இடத்தில் நின்று கூட்டத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பது. "இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கும் உண்டு" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருப்பது. இவை எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. ஸக்காத், ஸதகா, உலருணவு, குர்பான் இறைச்சி என்று வருடத்தில் எத்தனையோ தடவை நாம் மக்களை ஓரிடத்துக்கு அழைக்கிறோம். கொடுப்பவரின் வாசலில் வந்து நிற்பவரின் உயிரும் அமானிதம்தான். பள்ளிவாசல் நிர்வாகத்தினர் வருடத்துக்கு ஒரு நாள் இத்துறை அறிந்த ஓர் இளைஞரை அழைத்து, வாசலையும் முற்றத்தையும் காட்டி அபிப்பிராயம் கேட்டால் என்ன?

திரைக்குப் பின்னால்

அந்தச் சகோதரி ஒரு விடயம் சொன்னார். எந்த நிகழ்ச்சியானாலும் மக்கள் வருவதற்கு முன் அவர் போய் அமர்ந்து பார்ப்பது கடைசி வரிசையின் ஓரக் கதிரையில்தானாம். அங்கிருந்து மேடை தெரிகிறதா, குரல் கேட்கிறதா, குளிரூட்டியின் காற்று நேரே தலையில் விழுகிறதா, பக்கத்துக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். முன்வரிசைக்கு எல்லோரும் கவனிப்பார்கள், கடைசிக் கதிரைக்கு நான் இருக்கிறேன் என்றார்.

எமது மார்க்க மாநாடுகளில் அந்தக் கடைசிக் கதிரை எங்கே இருக்கிறது என்று இந்தச் சஞ்சிகையின் வாசகிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திரைக்குப் பின்னால், மாடிப் படிக்கு மேலே, பக்கத்துக் கட்டடத்தில். ஆண்கள் பகுதியில் நான்கு ஒலிபெருக்கி, பெண்கள் பகுதியில் கரகரக்கும் ஒன்று. பேச்சாளர் நெகிழ்ந்து குரலைத் தாழ்த்தும் இடத்தில் அதுவும் நின்றுவிடும். பிள்ளைகளோடு வந்த தாய்மார் அனைவரும் ஒரே பகுதியில் இருக்கும்போது அங்கே சத்தம் இருக்கத்தான் செய்யும். "பெண்கள் பகுதியில் அமைதி காக்கவும்" என்று மேடையிலிருந்து அறிவித்தல் வரும். நானும் மேடையில் இருந்து இவ்வறிவித்தலைக் கேட்டிருக்கிறேன். குரல் போய்ச் சேராத இடத்தில் மக்கள் பேசிக்கொண்டிருப்பது இயல்பு. அறிவித்தல் கொடுப்பதற்குப் பதிலாக ஒலிபெருக்கியைத் திருத்தியிருக்கலாம்.

இத்தொழில் தெரிந்த ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தால் அவர் முதலில் பார்க்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். பெண்கள் பகுதியில் ஒரு திரையில் மேடையைக் காட்டலாம். பிள்ளைகளுக்கென ஓர் அறையை ஒதுக்கி, இரண்டு மூத்த மாணவிகளை அங்கே வைக்கலாம். பாலூட்டவும் துணி மாற்றவும் ஒரு மூலை. பெண்களுக்கான மலசலகூடம் ஆண்களுடையதை விட அதிகமாக வேண்டும், ஏனெனில் ஒவ்வொருவருக்கும் கூடுதல் நேரம் எடுக்கும், கையில் பிள்ளையும் இருக்கும். வுழூச் செய்யும் இடத்தில் தண்ணீர் வழிந்து வழுக்காமல் விரிப்பு வேண்டும். இவற்றில் எதற்குமே மார்க்கத் தீர்ப்புத் தேவைப்படாது. ஒரு நாள் முன்னதாக அந்தப் பகுதிக்குப் போய்ப் பார்த்தாலே போதும்.

நிகழ்ச்சி நிரல் தயாரிப்பதிலும் இதே கவனம் வேண்டும். கொழும்பில் ளுஹர் நேரம் வருடம் முழுவதும் பகல் 12 மணியை ஒட்டியே வருகிறது. ஆகவே பகல் இடைவேளையில் தொழுகைக்கு இடமிருந்தால் சிரமமில்லை. சிரமம் மஃரிபில்தான். சூரியன் மறைவது மாலை 6 மணியை அண்டி. 6.30க்கு முடியும் என்று போட்ட கருத்தரங்கு 7.15 வரை இழுபட்டால் மஃரிப் கையைவிட்டுப் போகிறது. முஸ்லிம் பேராளர்கள் வரும் பிற நிறுவனங்களின் மாநாடுகளில், தொழுகை அறைக்கு ஒரு பலகையும் கிப்லாவுக்கு ஓர் அம்புக்குறியும் போட்டு வைக்கும் மாற்றுமத முகாமையாளர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். எமது சொந்த நிகழ்ச்சிகளில் நன்றியுரைக்கு அரை மணித்தியாலம் கொடுத்துவிட்டு மஃரிபுக்கு ஓடுகிறோம்.

மகள் படிக்கலாமா?

இந்தத் தொழில் இலகுவானதல்ல. நிகழ்ச்சி நாட்களில் விடியற்காலை தொடங்கி நள்ளிரவு வரை நிற்க வேண்டியிருக்கும். பிறருடைய பெருநாள், பிறருடைய விடுமுறை எல்லாம் இவர்களுக்கு வேலை நாட்கள். உலகம் நின்றால் முதலில் நிற்பதும் இந்தத் தொழில்தான். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் கொழும்பு ஹோட்டல்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அது தேறுவதற்குள் 2020இல் கொரோனா வந்து மண்டபங்கள் பூட்டப்பட்டன. அந்தக் காலத்தில்கூட இவர்களுடைய கைவண்ணம் வேறோர் இடத்தில் பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனில் எக்செல் என்ற பெரும் கண்காட்சி மண்டபத்தை 2020 ஏப்ரலில் சில நாட்களுக்குள் தற்காலிக ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். கடைத் தொகுதிகள் போடும் அதே நிலத்தில் கட்டில் வரிசைகள் நின்றன.

இரவு வேலை பற்றித்தான் பெற்றோருக்கு அதிக கவலை. அது நியாயமானதே. அந்தச் சகோதரி தமது நிறுவனத்தில் வேலைக்குச் சேரும்போதே, இரவு 8 மணிக்குப் பிந்தினால் வாகனத்தில் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடவேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கினாராம். கேட்கத் தயங்கியிருந்தால் கிடைத்திராது என்றார். முஸ்லிம் பெண்கள் கல்லூரிகளின் பரிசளிப்பு விழா, மகளிர் கருத்தரங்கு, பெண்கள் மாத்திரம் கூடும் கலியாண வைபவம் போன்றவற்றை நடத்துவதற்குப் பெண்களே தேவைப்படுகிறார்கள், ஆட்கள்தான் இல்லை என்பதும் அவருடைய முறைப்பாடு. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் சரளமாகத் தெரிந்த பிள்ளை, கணக்கில் பயமில்லாத பிள்ளை, கோபத்தை மறுநாளைக்கு ஒத்திவைக்கத் தெரிந்த பிள்ளை இதற்குப் பொருத்தமானவள். ஹோட்டல் முகாமைத்துவப் பயிற்சிகளின் ஒரு பகுதியாக இதனைக் கற்கலாம். சான்றிதழைவிட, ஒரு நல்ல முகாமையாளரின் கீழ் ஆறு மாதம் ஓடித் திரிவதே அதிகம் கற்றுத்தரும் என்று இருவருமே சொன்னார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். கூட்டம் கலைந்த பிறகு என்ன செய்வீர்கள்? விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வரிசை வரிசையாகக் கதிரைகளுக்குக் கீழே பார்த்துப் போவார்களாம். மறந்து விட்டுச் சென்ற பொருட்களுக்கு ஒரு கொப்பி இருக்கிறது. குடை, மூக்குக்கண்ணாடி, தொலைபேசி மின்னேற்றி, பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்து, பாதி குடித்த பால் போத்தல், ஒரு தடவை ஒரு பல்செட். எந்த வரிசை, எந்தக் கதிரை என்று எழுதி வைப்பார்கள். மறுநாள் அழைத்துக் கேட்பவர்களுக்குப் பெயரைவிடத் தாம் இருந்த இடம்தான் நன்றாக ஞாபகம் இருக்குமாம். எழுதி முடிய, அடுத்த நிகழ்ச்சிக்கான லொறி பின்வாசலில் வந்து ஹோர்ன் அடிக்கும்.